கீழ்வீட்டுச் சனத்தையும் சேத்து எண்ணு

மச்சான்,

உன்ட மெசேஜ் வந்து பத்து நாளாகுது, போன்ல நாலு வரியில சொல்ற விசயமில்ல எண்டுதான் இண்டைக்கு ஆறுதலா இருந்து எழுதுறன். கொழும்பு வெள்ளவத்தையில புது பிளாட், நாலாம் மாடி, ரெண்டு ரூம், ரெண்டு பிள்ளையள், அவசரத்துக்கு சாமான் வை எண்டு எல்லாரும் சொல்றாங்கள் ஆனா வைக்கிறதுக்கு இடம் எங்க எண்டு கேட்டிருந்தாய். மட்டக்களப்பு கல்லடியில என்ட வீடு உன்டையை விடச் சின்னன்டா, மேல்மாடி, ஒரு ரூம், ஒரு ஹோல், குசினியில ரெண்டு பேர் நிண்டா மூண்டாவது ஆளுக்கு இடமில்ல.

2024 நவம்பர் கடைசி மழை ஞாபகம் இரிக்கும்தானே. எங்கட ஒழுங்கையில முழங்காலுக்கு மேல தண்ணி. விடியச்சாமம் கீழ்வீட்டு மாமி கதவைத் தட்டுறா, தலையில அரிசி வாளி, இடுப்பில பேரன், பின்னால மாமா மருந்துப் பையை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு, மறுகா மகளும் மருமகனும். நாங்க மூண்டு பேருக்கு மூண்டு நாள் எண்டு கணக்குப் போட்டு தண்ணி வச்சிருந்த, வீட்டுக்குள்ள இப்ப எட்டுப் பேர். அடுத்த நாள் பின்னேரத்துக்கு முதலே குடிதண்ணி முடிஞ்சுது. மாடிக்கு வெள்ளம் வராது, ஆனா வெள்ளம் பட்ட சனம் வரும், அவங்களையும் சேத்து எண்ணினாத்தான் அது கணக்கு. உனக்கு இன்னொரு பக்கமும் இரிக்கு, கரண்ட் போனா லிப்ட் இல்ல, தண்ணி ஏத்துற மோட்டரும் இல்ல, மேல் மாடியில தனிய இருக்கிற வயசான ஆக்கள் ஆரெண்டு இப்பவே விசாரிச்சு வை.

தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லீட்டர் எண்டு வை, நாலு பேருக்கு மூண்டு நாளைக்கு 36 லீட்டர். 5 லீட்டர் கேன் எட்டு, கட்டிலுக்குக் கீழ தள்ளினா கண்ணிலயே படாது, பக்கத்து வீட்டுக்கும் சேத்து இன்னும் நாலு வை. கழுவுற தண்ணிக்கு, மழை அறிவிச்ச உடனே வாளி சட்டி எல்லாம் நிரப்பிப் போடு. சாப்பாட்டுக்கெண்டு தனியா ஒண்டும் வாங்காத, வீட்டில தின்னுறதிலயே ஒண்டு கூட வாங்கு, பழசை முன்னுக்கு வச்சு எடு, புதுசைப் பின்னுக்கு வை. டின் மீன், பருப்பு, சமபோஷ எண்ட சத்து மா, அவல். அவலுக்கு அடுப்பே வேணாம், நனைச்சு தேங்காப்பூவும் சீனியும் போட்டா பிள்ளையள் தின்னும். கேஸ் முடிஞ்சா எண்டு கரி அடுப்பை மட்டும் பூட்டின வீட்டுக்குள்ள பத்தவே கூடாது, புகை தெரியாட்டியும் அதில வாற வாயு ஆளைக் கொல்லும்.

மாமாட இன்சுலின்தான் அந்த நாள்ல எங்களைப் பயப்படுத்தினது. பிரிட்ஜ் நிண்டு போச்சு. மாமி எங்கட வீட்டில கிடந்த பெரிய தயிர்ச்சட்டியில ஈர மணலைப் போட்டு, அதுக்குள்ள சின்னச் சட்டியை இறக்கி, மருந்தை சொப்பின் பேக்கில சுத்தி வச்சு, மேல ஈரச் சீலையைப் போட்டா. மழைக் காத்தில அது பெரிசா குளிராதுதான், ஆனா வெக்கை படாமக் காத்துது. உன்ட மாமியாருக்கும் சீனி வருத்தம் எண்டு சொன்னாய், ரெண்டு சட்டி எடுத்து வை.

பத்திரங்களை விட்டுடாத மச்சான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடற்கரை நாவலடியில இருந்து உயிரோட வந்த எங்கட சித்தி, தான் ஆரெண்டு காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லாம மாசக்கணக்கா அலைஞ்சா, கந்தோர் வாசல்ல அவ குந்தி இருந்த இருப்பு இண்டைக்கும் என்ட கண்ணில நிக்குது. அதுக்குப் பிறகுதான் நான் கதவுக்குப் பின்னால ஆணி அடிச்சு மகன்ட பழைய ஸ்கூல் பேக்கைத் தொங்கப் போட்ட. தண்ணி போகாத உறையில ஐடி காட், பேர்த் சேட்டிபிக்கட், காணி உறுதி எல்லாத்தின்ட கொப்பியும், மெசின்ல காசு எடுக்க ஏலாமப் போகும் எண்டு கொஞ்சம் நூறு ரூபாத் தாள், டோர்ச், பவர் பேங்க், பனடோல், வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற ஜீவனி, ஒரு விசில். அனர்த்த முகாமைத்துவ நிலையத்திட 117ம் அம்புலன்ஸ் 1990ம் ஒரு மட்டையில எழுதி உள்ளுக்க வை, போன் செத்தா மனசில ஒரு நம்பரும் வராது. டோர்ச் பற்றறியைக் கழட்டி வேறயா வை, உள்ளயே கிடந்தா ஊறிப் பழுதாகிப் போகும். கட்டாயம் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பேக்கைத் திறந்து பார்.

எங்கட அம்மா 78 சூறாவளியில மூண்டு பிள்ளையளோட கட்டிலுக்குக் கீழ கிடந்த கதையை இப்பவும் காத்து அடிச்சாச் சொல்லுவா. நவம்பர் வந்தா இஞ்ச ஆருக்கும் நித்திரை ஒழுங்கா வராது, வாற வழியில மன்னம்பிட்டியில தண்ணி ஏறினா உன்ட பஸ்ஸும் வராது, அதால தைப்பொங்கலுக்கு வா. மாமி பொரிவிளாங்காய்ப் பலகாரம் இடிச்சுத் தாறன் எண்டு சொல்லி இருக்கிறா, கன நாளைக்குப் பழுதாகாது, அதையும் அந்த பேக்கில போடலாம்.

அன்போட,
உன்ட கல்லடிக் கூட்டாளி