கதிரின் பாஸ்போர்ட்டும் அண்ணன் சர்டிபிகேட்டும்

மதுரை,
ஐப்பசி மாதம்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதமும் கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்தனுப்பிய படங்களும் கிடைத்தன. திருமங்கலத்து மருமகள், அதுவும் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பெண் என்று எழுதியிருந்தாய். உன் பிள்ளை கதிருக்கு அது நல்லதுதான். இங்கே மழை பிடித்துக்கொண்டது; வெளிவீதிகளில் பள்ளம் எது ரோடு எது என்று தெரியவில்லை. மற்ற ஊர்ச் செய்தியெல்லாம் கடைசியில். நீ கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரர், நம்ம அண்ணனுடைய நேச்சுரலைசேஷன் சர்டிபிகேட்டை, அதாவது அவர் அமெரிக்கப் பிரஜையானதற்கான சான்றிதழை, நோட்டரி கையெழுத்து வாங்கி அனுப்பினால் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது. நோட்டரியும் தேவையில்லை. மனைவியை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ள ஐ-130 என்ற மனுவைப் போடுவது கதிர். அவன் அமெரிக்கப் பிரஜை என்பதற்கு அவன் பெயரிலேயே ஒரு காகிதம் வேண்டும். அண்ணனுடைய சர்டிபிகேட் அண்ணன் பிரஜை என்று சொல்லும், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாது.

எந்தக் காகிதம் என்பது அவன் எந்த வழியில் பிரஜையானான் என்பதைப் பொறுத்தது. அங்கேயே பிறந்தவன் என்றால் அந்த மாநிலப் பதிவாளர் கொடுத்த பிறப்புச் சான்றிதழ் போதும். ஆஸ்பத்திரியில் குழந்தையின் பாதத் தடம் வைத்துக் கொடுக்கும் அழகான சான்றிதழ் செல்லாது. அதைப் பத்திரமாக ஃப்ரேம் போட்டு வைத்திருப்பவர்கள் நிறைய. வயது வந்தபின் தானே விண்ணப்பித்துப் பிரமாணம் எடுத்தவனுக்கு அவன் பெயரில் நேச்சுரலைசேஷன் சர்டிபிகேட் இருக்கும். கதிர் இந்த இரண்டிலும் சேரமாட்டான். மதுரையில் பிறந்தான், கிரீன் கார்டில் உங்களோடு போனான், பள்ளிக்கூடம் படிக்கும்போதே நீங்கள் பிரஜையானதால் அவனும் ஆனான். 2000-ஆம் ஆண்டின் குழந்தைகள் குடியுரிமைச் சட்டம் இதற்காக வந்தது. 2001 பிப்ரவரி 27 முதல் அமலில் இருக்கிறது. பதினெட்டு வயது முடியாத பிள்ளை, கையில் கிரீன் கார்டு, பிரஜையான தாய் அல்லது தகப்பனின் பொறுப்பில் அமெரிக்காவிலேயே அவர்களோடு வாசம், இவை எல்லாம் ஒரே நேரத்தில் பொருந்தியிருந்தால் அந்த நிமிஷமே பிள்ளையும் பிரஜை. விண்ணப்பம் இல்லை, பிரமாணம் இல்லை. அதனாலேயே சர்டிபிகேட்டும் வராது. ரேஷன் கடையில் அரைக் கிலோ பருப்புக்குக்கூடச் சீட்டு வருகிறது. குடியுரிமைக்கு வராது என்றால் நம்ம ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

இதில் ஒரு தேதியை நீ இப்போதே எடுத்துப் பார். அண்ணன் பிரமாணம் எடுத்த நாள். விண்ணப்பம் போட்ட நாளும் நேர்காணலில் பாஸ் ஆன நாளும் கணக்கில் வராது. பிரமாணம் எடுத்த அன்று கதிருக்குப் பதினெட்டு முடிந்திருந்தால், ஒரு நாள் முடிந்திருந்தாலும், அவன் அண்ணன் மூலமாகப் பிரஜை ஆகவில்லை. அப்படி நேர்ந்திருந்தால் பதறாதே, உன் சர்டிபிகேட்டைப் பார். தாய், தகப்பன் இருவரில் ஒருவர் போதும் என்பதுதான் சட்டம். நீ அண்ணனுக்கு முன்னாலேயே எடுத்திருந்தால் உன் தேதிதான் அவனுக்குக் கணக்கு. இரண்டு தேதியும் தவறியிருந்தால் அவன் இன்னும் கிரீன் கார்டுக்காரன்; அந்த நிலையில் பிரஜை என்று எந்தப் படிவத்திலும் டிக் அடிக்கக் கூடாது. பொய்யாகப் பிரஜை என்று சொல்லிக்கொள்வதை அந்த நாட்டில் சின்னத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பிற்காலத்தில் குடியுரிமையையே அடைத்துவிடும். கிரீன் கார்டுக்காரனாகவும் மனைவிக்கு மனு போடலாம், ஆனால் வருஷத்துக்கு இத்தனை விசாதான் என்ற எண்ணிக்கைக்குள் வரிசையில் நிற்க வேண்டும். பிரஜையின் மனைவிக்கு அந்த வரிசையே கிடையாது. இடையில் அவன் பிரஜையானால் அந்தச் சர்டிபிகேட் நகலை அனுப்பி, அதே மனுவைப் பிரஜை மனுவாக மாற்றிக்கொள்ளலாம்.

தேதி சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இனி காகிதம். கதிருக்குச் சுலபமானது அமெரிக்க பாஸ்போர்ட். காலாவதியாகாதது, பதினாறு வயதுக்குப் பின் பத்து வருஷத்துக்குக் கொடுத்தது என்றால் கேள்வியே எழாது. நீ எழுதியதைப் பார்த்தால் அவன் பதினைந்து வயதில் எடுத்ததோடு சரி. பதினாறுக்குள் எடுத்த பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் ஐந்தே வருஷம், அது முடிந்து எத்தனையோ காலமாகியிருக்கும். அதைத் தபாலில் புதுப்பிக்கும் டி.எஸ்-82 படிவத்தில் போட முடியாது. அந்தப் படிவம் பதினாறு வயதுக்குப் பின், கடந்த பதினைந்து வருஷத்துக்குள் எடுத்த பாஸ்போர்ட்டுக்கு மட்டும். அவன் புதிதாக விண்ணப்பிக்கும் டி.எஸ்-11 படிவம் எழுதி நேரில் போக வேண்டும். கட்டணம் 130 டாலர், விண்ணப்பத்தை நேரில் வாங்கிக்கொள்ளும் இடத்துக்கு 35. சேதமில்லாத பழைய பாஸ்போர்ட் கையில் இருந்தால், காலாவதியாகியிருந்தாலும், அதுவே குடியுரிமைக்குச் சான்று. தொலைந்திருந்தால் மொத்தக் காகிதக் கட்டையும் மறுபடி சேர்க்க வேண்டும்: அவனுடைய மதுரைப் பிறப்புச் சான்றிதழ், கிரீன் கார்டு, அண்ணன் சர்டிபிகேட், உங்கள் கல்யாணச் சான்றிதழ், அவன் உங்களோடு வசித்ததற்குப் பள்ளிக்கூட ரெக்கார்டு. மூலத்தைக் கொடுக்க வேண்டியது இந்த இடத்தில்தான். பாஸ்போர்ட்டும் காகிதங்களும் தனித்தனித் தபாலில் திரும்ப வரும், ஒன்று வந்து இன்னொன்று வரவில்லையே என்று பயப்படாதே.

என்-600 படிவம் போட்டு அவன் பெயரில் குடியுரிமைச் சான்றிதழே வாங்கிவிடலாமே என்று அண்ணன் கேட்பார். வாங்கலாம், அதற்குக் காலாவதி என்பதே இல்லை. ஆனால் 2024 ஏப்ரலில் கட்டணத்தை மாற்றியபின் அது இணைய வழியில் 1,335 டாலர், காகிதத்தில் 1,385. மனைவி மனுவுக்காக அதற்குக் காத்திருப்பது வீண். பாஸ்போர்ட்டை முதலில் எடுக்கட்டும், மனுவைப் போடட்டும், என்-600 ஆற அமர.

அனுப்பக் கூடாத காகிதங்களையும் சொல்லிவிடுகிறேன், இவை அடிக்கடி காகிதக் கட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். டிரைவிங் லைசென்ஸ், சோஷியல் செக்யூரிட்டி அட்டை இரண்டும் குடியுரிமையைச் சொல்லாது. ஓ.சி.ஐ. அட்டை, வெளிநாட்டுப் பிரஜையாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு நம்ம அரசாங்கம் கொடுப்பது. அவன் வேற்று நாட்டான் என்று அது காட்டும், எந்த நாட்டுப் பிரஜை என்பதற்கு அமெரிக்கா அதை ஏற்காது.

நகல் விஷயத்தில் நம்ம ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து, கோர்ட் வாசல் நோட்டரி, ஐந்து இடத்தில் ரப்பர் ஸ்டாம்ப். ஐ-130-க்குச் சாதாரண ஜெராக்ஸ் அல்லது ஸ்கேன் போதும், மூலத்தை அனுப்பவே வேண்டாம். நேச்சுரலைசேஷன் சர்டிபிகேட்டின் மேலேயே அனுமதியில்லாமல் நகலெடுப்பது குற்றம் என்று அச்சடித்திருக்கும், அதைப் படித்துவிட்டு அண்ணன் ஸ்கேன் பண்ண மறுப்பார். குடியேற்றத் துறையே நகல் கேட்கிறபோது அதற்காக எடுப்பதில் தப்பில்லை. இணைய வழி மனுவில் நான்கு ஓரமும் தெரியும்படி, கலரில், நிழல் விழாமல் ஸ்கேன் பண்ணி ஏற்றச் சொல். செல்போனில் மேஜைமேல் வைத்து எடுத்தால் பாஸ்போர்ட் எண் மேலே விளக்கு வெளிச்சம் விழுந்து வெள்ளையாகிவிடும். அந்த ஒரு வெள்ளைப் புள்ளிக்காகவே, எண் தெரியவில்லை என்று கடிதம் வரும். போட்டோ இருக்கும் பக்கம், கையெழுத்துப் பக்கம் இரண்டும் வேண்டும்.

இனி நான் உண்மையிலேயே கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன், அதாவது பெயர். குடியுரிமை இருக்கிறதா என்பதில் வரும் சந்தேகத்தைவிட, இந்தக் காகிதத்தில் இருப்பவனும் அந்தக் காகிதத்தில் இருப்பவனும் ஒரே ஆளா என்பதில்தான் நம்ம ஊர்க் கட்டுகள் மாட்டும். மதுரை மாநகராட்சிச் சான்றிதழில் கதிர்வேல், தகப்பன் பெயர் சு. முருகேசன். அவனுடைய முதல் இந்திய பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' இடம் காலி, முழுப் பெயரும் ஒரே கட்டத்தில். அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், சொந்தப் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்து விழும். பெயர் தெரியவில்லை என்று பொருள். கிரீன் கார்டும் அப்படியே வந்திருக்கும். அமெரிக்க பாஸ்போர்ட்டில் கதிர்வேல், முருகேசன் என்று பிரிந்திருக்கும். அண்ணனோ சர்டிபிகேட்டில் முருகேசன் சுப்பையா. நமக்கு இது ஒரே வீடு. கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் அதிகாரிக்கு நாலு ஆள்.

இதற்கு வழி மறைப்பதில் இல்லை. மனுவில் வேறு பெயர்கள் என்று ஒரு கட்டம் உண்டு, அதில் எஃப்.என்.யு. வடிவம், இனிஷியல் வடிவம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். இனிஷியல் என்பது தகப்பன் பெயரின் முதலெழுத்து, அது விரிந்து இப்படி ஆனது என்று அரைப் பக்கம் விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு இணைக்கட்டும். கூடவே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது: அண்ணனின் பழைய இந்திய பாஸ்போர்ட். ஒப்படைத்தபோது ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், தூக்கிப் போட்டிருக்காதே. அதன் கடைசிப் பக்கத்தில் அவருடைய அப்பா பெயர் சுப்பையா என்றும் மனைவி பெயர் நீ என்றும் அச்சாகியிருக்கும். 'சு.' என்பது யார் என்ற கேள்விக்கு அதைவிட நேரான பதில் கிடையாது.

கதிரின் பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று பார். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை பெயர் இல்லாமலே பதிவு போய்விடும். 'பெயர்' என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கும். பெயர் சேர்க்கப் பதினைந்து வருஷம் வரை விதியிலேயே இடம் உண்டு, அதற்குப் பின் அரசு அவகாசம் நீட்டித்தால்தான் வழி. கோடு இருந்தால் எனக்கு உடனே எழுது, தல்லாகுளம் அண்ணா மாளிகைக்குப் போய்க் கேட்டுச் சொல்கிறேன். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்த எவரும் செய்து, இது முழுமையானது, சரியானது, எனக்கு இரண்டு மொழியிலும் தேர்ச்சி உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும். அதை மட்டும் கதிரோ மருமகளோ செய்ய வேண்டாம், மூன்றாம் ஆள் செய்வதே மரியாதை.

மருமகள் பக்கம் சுருக்கமாக. அவள் பாஸ்போர்ட்டிலும் 'சர்நேம்' காலி என்றால் இப்போதே ரேஸ் கோர்ஸ் பக்கம் உள்ள பாஸ்போர்ட் ஆபீஸ் வழியாகத் திருத்தி வாங்கிக்கொள்ளட்டும், 36 பக்கத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். இல்லையென்றால் அடுத்த எஃப்.என்.யு. அவள்தான். கல்யாணத்துக்குப் பின் கணவன் பெயரைச் சேர்ப்பதை அங்கே போய்ச் செய்துகொள்ளலாம், இங்கே சேர்த்தால் அவளுடைய பள்ளிச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் பிரிந்துவிடும். கல்யாணத்தைத் திருமங்கலம் சார்பதிவாளர் ஆபீசில் பதிந்தாயிற்றா? 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். அச்செடுக்கும் முன் பெயர் எழுத்துகளைப் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடச் சொல். மனைவியின் விவரங்களைக் கேட்கும் ஐ-130ஏ படிவத்தை அவளுக்காக இணைக்க வேண்டும். அவள் இந்தியாவில் இருப்பதால் அதில் அவள் கையெழுத்து இல்லாவிட்டாலும் ஏற்பார்கள். இரண்டு பேருக்கும் இரண்டங்குலச் சதுரப் போட்டோ, புதிதாக எடுத்தது.

மனுக் கட்டணம் இணைய வழியில் 625 டாலர், காகிதத்தில் 675. சான்று போதவில்லை என்றால் பெரும்பாலும் மனுவை உடனே தள்ளாமல் ஆதாரம் கேட்டுக் கடிதம் அனுப்புவார்கள், பதிலுக்கு அதிகபட்சம் 84 நாள். அந்தப் பதிலை ஒரே தடவையில்தான் அனுப்பலாம். இன்று பாஸ்போர்ட், அடுத்த வாரம் விளக்கக் கடிதம் என்று தவணை முறையில் போனால் முதலில் வந்ததை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

அண்ணன் சர்டிபிகேட் வீணாகப் போகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். மனு தேறியபின் ஐ-864 என்ற ஆதரவுப் பத்திரம் வரும், வருகிறவளின் செலவுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பது. கதிரின் வருமானம் வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீதத்தை எட்டவில்லை என்றால் கூட்டு ஆதரவாளராக அண்ணன் கையெழுத்துப் போடலாம், அப்போது அவர் தன் குடியுரிமைக்கும் வருமான வரிக் கணக்குக்கும் சான்று காட்ட வேண்டும். அவர் சர்டிபிகேட்டுக்கு வேலை அங்கேதான். நேர்காணல் சென்னையில் இராது, மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போக வேண்டும்; மருமகள் வீட்டில் அதை இப்போதே சொல்லி வை, தாய்மாமன் துணைக்கு வருவாரா என்று பேசி முடிக்கவே அவர்களுக்கு ஒரு மாதமாகும்.

அடுத்த கடிதத்தோடு மூன்று ஸ்கேன் அனுப்பு: அண்ணன் சர்டிபிகேட்டின் தேதி இருக்கும் பக்கம், கதிரின் பிறப்புச் சான்றிதழ், அவனுடைய கிரீன் கார்டின் இரண்டு பக்கமும். பார்த்துவிட்டு விளக்கக் கடிதத்தை நானே வரைந்து அனுப்புகிறேன், கையெழுத்து மட்டும் அவன் போடட்டும்.

நம்ம காலேஜ் செட்டில் சரஸ்வதிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். பெயரோடு சேர்த்தே பதிந்துவிட்டார்கள், நான் விடவில்லை. அண்ணனையும் கதிரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மங்கை