ஏற்காட்டில் பழைய தோட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்காட்டில் பழைய பழத்தோட்டங்களைப் பிரித்து விற்ற மனைகளை வாங்கி, வீடும் தங்கும் விடுதியும் கட்டிவரும் அன்பர்களுக்கு வணக்கம்.

நான் இந்த மலையில் முப்பது ஆண்டுகளாகச் சிறியதொரு நாற்றுப் பண்ணை நடத்திவருகிறேன். எனக்கு முன்பு என் தந்தையார் பேரிக்காய்த் தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்து, காய் பறித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் சந்தைக்கு இறக்கிவந்தவர். உங்களில் பலர் என்னிடம் ரோஜாவும் டேலியாவும் வாங்கியிருக்கிறீர்கள். சிலருடைய வீட்டு முன்றிலில் பூச்செடி வைத்துக் கொடுத்தவனும் நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன். நீங்கள் இங்கே குடிவருவதை நான் குறையாகச் சொல்லவில்லை. வாங்கிய மண்ணில் ஏற்கெனவே நிற்கும் மரங்களை, கட்டடத்துக்கு நேர் இடைஞ்சலாக இல்லாத பட்சத்தில், ஓராண்டு முழுவதும் பார்த்த பிறகு வெட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

ஓராண்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு ஜனவரி மாதத்தில் ஒரு மனையின் வழியாக நடந்துபோனேன். பதினோரு பேரி மரங்களைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கி, வேரும் மண்ணுமாக ஓரத்தில் தள்ளியிருந்தார்கள். ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டதற்கு, எல்லாம் பட்டுப்போன மரம் என்று ஓனர் சொன்னாராம் என்றார். கிடந்த கிளை ஒன்றை எடுத்து நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தது. நுனியில் மொட்டுகள் பருத்துத் தயாராக இருந்தன. இன்னும் சில வாரங்களில் பூத்திருக்கும். பேரி குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் மரம் என்பது சமவெளியில் வேம்பையும் புங்கனையும் பார்த்து வளர்ந்தவருக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. அந்த உரிமையாளர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பதினோரு மரங்கள் போய்விட்டன. என் தந்தையார் காய் பறித்த மரங்கள் அவை.

ஜனவரியில் மொட்டையாக நிற்பது, பிப்ரவரி மார்ச்சில் இலைக்கு முன்பாகவே வெள்ளைப் பூவாக விரியும். ஆடி மாதத்தில் காய்த்துத் தொங்கும். வாங்கிய நாளில் பார்த்த ஒரு பார்வையை வைத்து அந்த மரத்தை எடைபோட முடியாது. கிளைகளின் மேல் முடிச்சு முடிச்சாக, விரல் நீளத்தில் வளைந்தும் நெளிந்தும் இருக்கும் குட்டைக் கொம்புகளைப் பார்த்திருப்பீர்கள். பார்வைக்கு அவை அழகாக இருக்காது. தோட்ட வேலைக்கு வரும் ஆட்கள் சீராக இருக்கட்டும் என்று அவற்றைச் சுத்தமாகச் செதுக்கிவிடுகிறார்கள். பேரி காய்ப்பதே பெரும்பாலும் அந்தக் குட்டைக் கொம்புகளில்தான். ஒரே கொம்பு பல ஆண்டுகள் தொடர்ந்து காய்க்கும். அதைச் செதுக்கிய பிறகு மரம் நிழல் மட்டுமே தரும். உரம் போட்டும் காய்க்கவில்லை என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் பலர்.

கமலா ஆரஞ்சின் கதை வேறு. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சேர்வராயன் மலை ஆரஞ்சுக்கு ஒரு காலத்தில் தனிப் பெயர் இருந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியோடு பேரி, ஆரஞ்சு முதலிய பழ மரங்களையும் இங்கே கொண்டுவந்தார் என்பது பலரும் அறிந்ததே. அப்படி வந்த ஆரஞ்சு காப்பித் தோட்டங்களுக்கு நடுவே பரவிச் செழித்து, பிறகு நோயால் நலிந்தது. இலை ஒழுங்கின்றித் திட்டுத் திட்டாக மஞ்சளடிக்கும். பழம் சிறுத்து, ஒரு பக்கம் கோணி, அடிப்பகுதி பழுக்காமல் பச்சையாகவே நிற்கும். சில்லா என்ற சிறு பூச்சி ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு இதைக் கொண்டுசெல்கிறது. நோயுள்ள மரத்தில் எடுத்த மொட்டை ஒட்டுக் கட்டினாலும் பரவும். வந்த மரத்தைக் குணப்படுத்த வழி கிடையாது. அதை எடுத்துவிடுவதே மற்ற மரங்களுக்கு நல்லது. ஆகவே எல்லா மரத்தையும் காப்பாற்றுங்கள் என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. எது நோயுற்றது, எது வெறுமனே தண்ணீரும் எருவும் இல்லாமல் வாடி மஞ்சளாகியது என்பதைப் பழம் வரும் பருவம் வரை பார்த்துப் பிரித்தறியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்த நோயில் நானும் அடிபட்டவன். சமவெளியில் ஒரு பண்ணையிலிருந்து நாற்பது ஒட்டுக் கன்றுகளை நம்பி வாங்கி நட்டேன். பார்க்கப் பசேலென்று இருந்தன. நான்காம் ஆண்டில் ஒவ்வொன்றாக மஞ்சளடித்து, ஆறாம் ஆண்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதன் பிறகு, நன்றாகக் காய்க்கும் பழைய நாட்டு மரத்தின் விதையைப் போட்டு நானே நாற்று எடுக்கிறேன். கமலா விதையில் ஒரு விந்தை உண்டு: ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை தாய் மரத்தை அப்படியே ஒத்தவை. சோனியாகவோ மற்றவற்றிலிருந்து மாறுபட்டோ வளர்வதைக் கிள்ளிவிட்டு, ஒரே சீராக வளர்வதை வைத்துக்கொள்வோம். காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். நின்று காய்க்கும் நல்ல மரம் ஒன்றை வெட்டினால் நீங்கள் இழப்பது அத்தனை ஆண்டுகள்.

வெண்ணெய்ப் பழ மரம் வைத்திருக்கும் அன்பர்கள் வேறொரு குறை சொல்கிறார்கள்: பூ கொட்டிக்கொட்டிப் பூக்கிறது, காய் நிற்பதில்லை. அந்தப் பூ இரண்டு முறை திறக்கும். முதல் முறை பெண்ணாகத் திறந்து மூடி, மறுநாள் ஆணாகத் திறக்கும். காலையில் பெண்ணாகத் திறக்கும் இரகமும் உண்டு, மாலையில் பெண்ணாகத் திறக்கும் இரகமும் உண்டு. இரண்டும் அக்கம்பக்கத்தில் இருந்தால் தேனீக்கள் மகரந்தத்தைச் சேர்த்துவிடும். காய்ப்பு நன்றாக இருக்கும். பழைய தோட்டம் ஒரே வேலிக்குள் இருந்தபோது இது தானாக நடந்தது. இப்போது அதே தோட்டம் பத்து மனைகளாகி, ஒருவர் தம் மரத்தை வெட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் மரத்தில் காய் குறைகிறது. உங்கள் மதில் சுவர் மரத்துக்குத் தெரியாது. வெட்டுவதற்கு முன்பு அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பூச்செடிகளைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஏற்காட்டில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிப்போகிறீர்கள். அடுத்த ஆண்டு அது இளஞ்சிவப்பாகப் பூக்கிறது, கலப்படக் கன்று கொடுத்துவிட்டாய் என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் உண்டு. கன்று அதேதான். இந்த மலையின் மண் பாக்சைட் நிறைந்த செம்மண், புளிப்புத்தன்மை உள்ளது. அந்தப் புளிப்பில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து செடிக்குள் ஏறுவதால்தான் நீலம் வருகிறது. கட்டட வேலையில் மிஞ்சிய சிமென்ட்டும் சுண்ணாம்பும் உடைந்த பூச்சும் கொட்டிய இடத்தில் மண்ணின் புளிப்பு குறைகிறது, நீலமும் போய்விடுகிறது. பூவின் நிறம் மாறினால், உங்கள் மனையின் மண் மாறிவிட்டது என்று பொருள். அதே மண்ணில்தான் பேரியும் ஆரஞ்சும் காப்பியும் நிற்கின்றன. ஆகவே கட்டட இடிபாடுகளைத் தோட்டத்துப் பள்ளத்தில் கொட்டி நிரப்பாமல் வெளியே அனுப்பச் சொல்லுங்கள். மரத்தின் அடிவரை பேவர் கல் பதிக்காமல், சுற்றிலும் மூன்றடியாவது மண்ணை விடுங்கள். மேல்மண்ணை வழித்து எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஓரிடத்தில் குவித்து வைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்புங்கள்.

சட்டத்தைக் காட்டி உங்களை அச்சுறுத்துவது என் நோக்கமன்று. ஆனாலும் மலைப் பகுதி மரங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது என்பதை உங்கள் ஒப்பந்தக்காரருக்கு நினைவூட்டுங்கள். எந்த மரத்துக்கு அனுமதி தேவை என்பதை முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வது உங்களுக்கும் பாதுகாப்பு.

உங்கள் மனையில் நிற்பது இன்ன மரம் என்று தெரியாவிட்டால் என்னையோ, இந்த மலையில் தோட்ட வேலை செய்து பழகிய வேறொருவரையோ அழைத்துக் காட்டுங்கள். ஒரு மணி நேரத்தில் சுற்றிப் பார்த்து, வைக்க வேண்டிய மரத்துக்கு வெள்ளைத் துணியும், பொறுத்துப் பார்க்க வேண்டியதற்கு மஞ்சள் துணியும் கட்டிக் கொடுத்துவிடலாம். அதற்கு நான் காசு வாங்குவதில்லை. கட்டடம் எழும் இடத்தில் மரத்தை எடுத்தே தீர வேண்டுமானால், இலை உதிர்ந்திருக்கும் நாளில் சொல்லி அனுப்புங்கள். பேரியின் கொம்புகளை வெட்டி எடுத்துவந்து நாட்டுப் பேரி நாற்றில் ஒட்டுக் கட்டி, மழைக்காலத்தில் உங்கள் மனையின் வேறொரு மூலையில் நட்டுத் தருகிறேன். அந்தப் பதினோரு மரங்களில் அன்றைக்கு நான் எடுத்துவந்த கொம்புகளில் மூன்று பிழைத்தன. இரண்டு என் பண்ணையில் இருக்கின்றன. மூன்றாவதை அந்த உரிமையாளரே கேட்டு வாங்கிக்கொண்டுபோய் வாசலில் நட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஏற்காட்டு நாற்றுப் பண்ணைக்காரர் ஒருவர்