கட்டியை எடுத்த பிறகு எங்களுக்கு ஒரு தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீரவநல்லூரில் டீக்கடை வைத்திருக்கிறேன். உங்கள் நாளிதழ் இருபது வருடத்துக்கும் மேலாக என் கடை பெஞ்சில் கிடக்கிறது. விடியற்காலை பேப்பர் வந்ததும் முதல் ஆளாக நான் புரட்டிவிட்டுத்தான் வெளியே போடுவேன். ஜூன் 8 உலக மூளைக் கட்டி நாளையொட்டி நீங்கள் போட்ட கட்டுரையையும் அப்படித்தான் படித்தேன். செவி நரம்பில் வரும் கட்டியைப் பற்றி அதில் நாலு வரி இருந்தது. இது புற்றுநோய் இல்லை, அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாம் என்று முடித்திருந்தார்கள். இரண்டும் உண்மை. 2022 பிப்ரவரியில் மதுரையில் அந்தக் கட்டியை எடுத்துக்கொண்டவன் நான். எடுத்த பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் யாரும் எழுதக் காணோம். அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் எப்படித் தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். போனை இடது காதில் வைத்தால் சத்தம் வரும், வார்த்தை புரியாது. வலது காதுக்கு மாற்றினால் தெளிவாகக் கேட்கும். அப்புறம் காதுக்குள் ராவும் பகலும் சில்வண்டு கத்துகிற மாதிரி ஒரு இரைச்சல். அழுக்கு என்றார்கள், சொட்டு மருந்து கொடுத்தார்கள், இரண்டு வருடம் அப்படியே போயிற்று. இடது கன்னம் மரக்க ஆரம்பித்து, நடக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கவும்தான் கேட்கும் திறனைச் சோதித்து, மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். மூன்றரை சென்டிமீட்டர் கட்டி. அகவுஸ்டிக் நியூரோமா என்று பெயர் சொன்னார்கள். வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்றும் ரிப்போர்ட்டில் போட்டிருந்தது. மூளையிலிருந்து வரும் எட்டாவது நரம்பில், உடம்பை நிதானமாக நிறுத்துகிற பிரிவில் வளர்வது இது. அதை ஒட்டியே முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு போகிறது. கட்டி பெரிதானால் முகத்துக்குத் தொடு உணர்ச்சி கொடுக்கும் ஐந்தாவது நரம்பையும் போய் அழுத்தும். எனக்கு அழுத்திவிட்டது.

அறுவை சிகிச்சையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. பல மணி நேரம் நின்று செய்தார்கள். உயிரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் கடையை விற்காமல் தப்பித்தேன். இடது காது சுத்தமாகப் போய்விட்டது, அதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். வாய் கொஞ்ச நாள் கோணிக்கொண்டு இருந்தது, ஆறேழு மாதத்தில் பெரும்பாலும் நேராகிவிட்டது. மரத்த கன்னம் மட்டும் மரத்தபடியே நின்றுவிட்டது.

பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அது எப்படி என்று தெரியும். அந்த ஊசி இறங்காமலே இருந்தால் எப்படி இருக்குமோ அதுதான் எனக்கு. நெற்றி, இடது கண், கன்னம், பாதி உதடு, பாதி நாக்கு. டீ கிளாஸை வாயில் வைத்தால் வலது உதட்டுக்குச் சூடு தெரியும், நடுக்கோட்டைத் தாண்டினால் ஒன்றும் தெரியாது. ஆரம்பத்தில் உதடு வெந்து தோல் உரிந்ததைக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சாப்பிடும்போது இடது கன்னத்துக்குள் சோறு அடைந்து கிடக்கும். சொதி கடைவாயில் வழிவது எனக்குத் தெரியாது. எதிரே இருக்கும் என் மனைவி ஒன்றும் பேசாமல் தன் கன்னத்தை ஒரு தடவை தொடுவாள், நான் துண்டை எடுத்துத் துடைத்துக்கொள்வேன். நாலு பேர் இருக்கும் பந்தியிலும் இதுதான் எங்களுக்குள் சைகை. முகம் மழிக்கும்போது பிளேடு வெட்டினால் ரத்தம் சட்டையில் சொட்டிய பிறகுதான் தெரியும். இப்போது இடது பக்கத்துக்கு மெஷின்தான். டீக்கு இனிப்பு சரியா என்று பார்ப்பதற்கும் நாக்கின் வலது பக்கத்தில் விட்டுத்தான் பார்க்கிறேன்.

இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். பழகிக்கொண்டேன். ஆனால் கண் விஷயம் அப்படி இல்லை.

மருத்துவமனையிலிருந்து வரும்போது கொடுத்த மருந்துச் சீட்டில் கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்தும் ராத்திரி போட ஒரு களிம்பும் இருந்தன. எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் தாள் முழுக்க இங்கிலீஷ். அதிலே எழுதியிருந்தார்களோ என்னவோ, என் வீட்டில் அதைப் படித்துப் புரிந்துகொள்ள ஆள் இல்லை. கண்ணில் வலி ஒன்றும் இல்லையே என்று, பாட்டில் தீர்ந்ததும் நிறுத்திவிட்டேன்.

எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று எல்லோருக்கும் தெரியும். கடை முன்னால் தூசி பறந்தபடியே இருக்கும். அந்த ஜூலையில் ஏதோ ஒரு தூசி இடது கண்ணில் விழுந்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் கசக்கியிருப்பார்கள், தண்ணீர் கொட்டியிருக்கும். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பாய்லர் ஆவியும் அதே கண்ணில்தான் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் மனைவி, "என்னங்க, கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு, வலிக்கலையா?" என்றாள். வலிக்கவில்லை. மறுநாள் பார்வை மங்கியது. திருநெல்வேலிக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினோம். அவர் பஞ்சை நூல் மாதிரி திரித்து என் கருவிழியில் தொட்டார். தொட்டதை நான் கண்ணால் பார்த்தேனே தவிர, உணரவில்லை. கருவிழியில் புண் விழுந்திருந்தது. "வலி இருந்திருந்தா அன்னைக்கே வந்திருப்பீங்க. இந்தக் கண்ணுக்கு வலி கிடையாது, நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். இமையின் வெளி ஓரத்தில் தையல் போட்டுப் பாதி மூடி வைத்தார்கள். ஆறு வாரம் கடைக்குப் போகவில்லை. புண் ஆறிவிட்டது, தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணால் பார்த்தால் இப்போதும் பனிக்காலத்துக் காலை மாதிரிதான் தெரியும்.

அந்தக் கண் டாக்டர் பத்து நிமிடம் உட்கார்ந்து சொன்னது இதுதான். தொடு உணர்ச்சி இல்லாத கருவிழிக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் தெரியாது, புண் வந்தால் சீக்கிரம் ஆறவும் ஆறாது. அதனால் சொட்டு மருந்தை வலிக்காகப் போடக் கூடாது, மணியைப் பார்த்துப் போட வேண்டும். ராத்திரி களிம்பு போட்டு, இமை முழுசாக மூடவில்லை என்றால் டேப் ஒட்டிப் படுக்க வேண்டும். வெளியே போனால் பக்கவாட்டிலும் மறைக்கிற கண்ணாடி போட வேண்டும். காலையும் மாலையும் கண்ணாடியில் பார்த்துச் சிவப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். சிவந்திருந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும். இந்தப் பத்து நிமிடப் பேச்சு பிப்ரவரியிலேயே கிடைத்திருந்தால் எனக்குத் தழும்பு விழுந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, களைப்புக்கு வருகிறேன். மரப்பாவது தொட்டுக் காட்டினால் மற்றவர்களுக்குப் புரியும். களைப்பைக் காட்ட முடியவில்லை. முன்பு காலை மூன்றரைக்கு எழுந்து ராத்திரி ஒன்பது வரை நின்றவன். இப்போது இரண்டு மணி நேரம் நின்றால் யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்டது மாதிரி ஆகிவிடுகிறது. உடம்பு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ரத்தத்தில் குறை இல்லை. தலை வேலை செய்ய மறுக்கிறது, அவ்வளவுதான். மூன்று பார்சலும் இரண்டு சீனி கம்மியும் ஒரே நேரத்தில் சொன்னால் கணக்குத் தப்பிவிடும். "என்ன அண்ணாச்சி, கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், திரும்பவே மாட்டேங்கிறீய?" என்பார்கள். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு காதால் சொல்ல முடியாது. "கட்டியத்தான் எடுத்தாச்சே, இன்னும் என்ன களைப்பு?" என்று என் சொந்த அண்ணனே கேட்டார். கோபப்பட்டுக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை.

பதிலை எனக்குச் சொன்னவர் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட். உடம்பை நிறுத்தி வைக்கிற கருவி இரண்டு காதுக்குள்ளும் ஒவ்வொன்று இருக்கிறது. எனக்கு ஒன்று போய்விட்டது. மூளை மிச்சம் இருக்கிற ஒன்றையும், கண்ணையும், காலையும் வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது. நான் அதை இப்படிப் புரிந்துகொண்டேன். டீயை ஒரு கை தூரம் தூக்கி ஆற்றும்போது நான் கிளாஸைப் பார்ப்பதே இல்லை, பேசிக்கொண்டே ஆற்றுவேன். ஒவ்வொரு துளியையும் பார்த்துப் பார்த்து ஆற்றச் சொன்னால் பத்து டீயில் களைத்துவிடுவேன். என் மூளை இப்போது ஒவ்வொரு அடிக்கும் பார்த்துப் பார்த்து ஆற்றுகிறது. போதாததற்கு இரைச்சலுக்கு நடுவே ஒற்றைக் காதால் பேச்சைப் பொறுக்கி எடுக்கிற வேலையும் அதற்குத்தான். இதைக் கேட்ட பிறகு அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

அவர் சொன்ன பயிற்சிகள் சாதாரணமானவை. சுவரில் ஒட்டிய ஒரு எழுத்தை விடாமல் பார்த்துக்கொண்டே தலையை இரண்டு பக்கமும் திருப்புவது, தலையைத் திருப்பிக்கொண்டே நடப்பது, ஒரு கால் முன்னால் ஒரு கால் வைத்து நிற்பது. முதல் பதினைந்து நாள் தலை சுற்றி வாந்தி வந்தது. விடாமல் செய்யவும் மூன்று மாதத்தில் பகலில் நேராக நடந்தேன். இருட்டில் இன்னும் டார்ச் வேண்டும். கடையிலும் பாய்லரை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டேன். இப்போது இடது காது சுவரைப் பார்த்து இருக்கிறது, வலது காது ஆட்களைப் பார்த்து. இந்த ஒரு மாற்றத்திலேயே களைப்பு பாதி குறைந்தது. காலைக் கடையை மகன் திறக்கிறான், நான் ஐந்தரைக்கு வருவேன். பதினோரு மணிக்குப் பின்னால் போய்ப் படுத்துவிடுவேன். விழுந்த பிறகு படுப்பதைவிட, விழுவதற்கு முன்னால் படுப்பது நல்லது என்று கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

ஆற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர்க்காரர்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது. 2023 தைப்பூசத்துக்குத் திருப்புடைமருதூர் போனோம். சின்ன வயதிலிருந்து நீந்திய தாமிரபரணி. இடுப்பளவு தண்ணீர்தான். கண்ணை மூடி ஒரு முங்கு போட்டேன். மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. எழுந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கீழே போயிருக்கிறேன், முழங்கால் கல்லில் இடித்தது. மகன் புஜத்தைப் பிடித்துத் தூக்கினான். தண்ணீருக்குள் கண்ணையும் மூடிவிட்டால் மூளைக்கு அந்தக் காதுக் கருவி ஒன்றுதான் துணை. அதில் பாதி எனக்கு இல்லை. இப்போதும் ஆற்றுக்குப் போகிறேன், படியில் உட்கார்ந்து சொம்பில் மோந்து ஊற்றிக்கொள்கிறேன்.

இது எங்கேயோ ஒருத்தருக்கு வருகிற நோய்தானே என்று நினைக்கலாம். உலக அளவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்காவது புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். 2011 கணக்கெடுப்பில் தென்காசி பிரியாத நம் திருநெல்வேலி மாவட்டத்தில் 30 லட்சத்துக்கு மேல் ஜனம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஆண்டுக்கு 30 பேர். இன்னும் இரண்டு வருடம் காதில் சொட்டு மருந்தே விட்டுக்கொண்டிருப்பவர்களும் அதில் இருப்பார்கள். ஒரு காது மட்டும் மந்தமானால், ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தால், தயவுசெய்து ஒரு தடவை கேட்கும் திறனைச் சோதித்துப் பாருங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதும் கேட்காதவர்களைத்தான் காது கேளாதவர் என்று சொல்கிறது. ஒரு காது போனவர்கள் அந்த விளக்கத்துக்குள் வரமாட்டார்கள். பாளையங்கோட்டையில் நூறு வருடத்துக்கு மேலாகக் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தும் ஊர்க்காரர்கள் நாம். ஒரு காதும் பாதி முகமும் போனவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கச் சட்டம் எழுதுபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அது நாளாகும், எனக்குத் தெரியும்.

நாளாகாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இந்த அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைகள், வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், கொடுக்க வேண்டும். சூடு தெரியாது, ஆறவைத்துக் குடியுங்கள் என்று இருக்கட்டும். ஆற்றில் முங்காதீர்கள் என்று இருக்கட்டும். களைப்பு பல மாதம் இருக்கும், அது சோம்பேறித்தனம் இல்லை என்று வீட்டுக்காரர்கள் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் இருக்கட்டும். நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் வளரும், அதுவும் எல்லோருக்கும் முழுசாகத் திரும்பாது என்பதையும் மறைக்காமல் எழுதட்டும். எந்தப் பயிற்சிக்கு எங்கே போக வேண்டும் என்றும் இருக்கட்டும். உங்கள் நாளிதழும் ஒரு நரம்பியல் மருத்துவரையும் ஒரு கண் மருத்துவரையும் சேர்த்து வைத்து இதை ஒரு கட்டுரையாக எழுதி வாங்கிப் போட்டால், நான் அதை வெட்டிக் கடையில் ஒட்டிவைப்பேன்.

அந்தத் தாளை யார் எழுதினாலும், முதல் வரியில் கண்ணைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டீக்கடைக்காரர்,
வீரவநல்லூர்.