முதியோர் இல்லங்களில் இரவுப் பசி

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோர் இல்லத்தில் பெற்றோரைச் சேர்ப்பவர்கள் உணவுப் பட்டியலைக் கேட்கிறார்கள். பரிமாறும் நேரத்தைக் கேட்பதில்லை. சமையல் ஆட்கள் வீடு திரும்ப வசதியாக மாலை 6 மணிக்கே இரவுச் சாப்பாடு முடிகிறது; காலை இட்லி 8.30க்கு. இடையில் பதினான்கரை மணி நேரம் வெறும் வயிறு. இன்சுலின் போடுபவருக்கு விடியற்காலையில் சர்க்கரை இறங்கி மயக்கம் வர இதுவே போதும். படுக்குமுன் ஒரு தம்ளர் பாலோ சத்துமாவுக் கஞ்சியோ கட்டாயம் தர வேண்டும்.

பல் இல்லாதவர்களுக்கு ரசம் சாதத்தைக் கரைத்துக் கொடுத்தே ஒப்பேற்றுவது இன்னொரு கொடுமை. வயிறு நிறையும், சத்து சேராது. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு). குழைந்த சாதத்தில் கெட்டிப் பருப்பும் நெய்யும், மசித்த முட்டை, தயிர் என்று சேர்த்தால்தான் அதை எட்ட முடியும்.

படுக்கையில் இருப்பவரை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டி, அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். அவசரமாக ஊட்டினால் புரையேறி, உணவு நுரையீரலுக்குள் போய்விடும்.

மாதந்தோறும் எடை பார்த்து எழுதிவைக்க வேண்டும். ஒரே மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆய்வுக்கு வரும் சமூக நலத்துறை அதிகாரிகள் சமையலறையோடு இந்த எடைப் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கட்டும்.

– முதியோர் பராமரிப்புப் பணியாளர்கள், மதுரை