விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு புலமைப்பரிசில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்தால் உங்கள் பத்திரிகையில் எங்கள் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளின் படங்கள் வரும். டிக்கோயாப் பக்கத்தில் முப்பது வருஷம் படிப்பித்தவள் என்பதால் தெரிந்த வீட்டுப் பிள்ளை யாரும் இருக்கிறதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். சந்தோஷம்தான். ஆனால் அதே பிள்ளை பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கெம்பஸ் போன பிறகு நாம் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 1981 முதல் மஹாபொல என்ற பல்கலைக்கழக உதவித்தொகை இருக்கிறது, அது இல்லாவிட்டால் பாதிப் பேர் படிப்பை விட்டிருப்பார்கள், சரி. அது படிப்பதற்கான காசு. நான் கேட்பது விடுமுறையில் வந்து ஊருக்கு வேலை செய்வதற்கான காசு.

போன விடுமுறையில் என்னிடம் படித்த ஒரு பிள்ளை தன் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துத் திண்ணையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தாள். பின்னேரம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வருகிறவர்களுக்குக் கடிதம் வாசித்துச் சொல்வது, படிவம் நிரப்பிக் கொடுப்பது, அவ்வளவுதான் வேலை. தமிழ் 1987 முதல் அரச கரும மொழி, ஆனாலும் வருகிற கடிதத்தில் பாதி சிங்களத்தில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் தோட்டத்து ஒபிசுக்குப் போய், எத்தனையோ நாள் கழித்துத்தான் கைக்கு வருகிறது. மாதாமாதம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டிய சேமலாப நிதிக் காசை எடுக்கப் போனால், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் இன்னொரு பெயர். அதற்குச் சத்தியக்கடதாசி முடிக்க டவுனுக்கு அலைய வேண்டும், அலைகிற ஒவ்வொரு நாளும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும்.

முதல் நாள் ஒரு ஆச்சியிடம் அவள், "இதை முன்னமே கொண்டு வந்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டாள். ஆச்சி ஒன்றும் பேசவில்லை, கடதாசியை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். அன்றிரவு அவளுக்கு நித்திரை வரவில்லையாம். மறுநாள் கீழே இருக்கும் பணிய லயத்தில் ஆச்சி குடியிருக்கும் காம்பராவுக்கே போய், தேத்தண்ணி குடித்து, முழுக் கதையையும் கேட்டு, அப்புறம்தான் பேனையை எடுத்திருக்கிறாள். இதை அவள் என்னிடம் சொன்னபோது, முப்பது வருஷமாக மாணவத் தலைவர்களுக்குச் சின்னம் குத்திவிட்ட நான் ஒரு தடவையாவது இப்படி ஒன்றைச் சொல்லிக் கொடுத்தேனா என்று யோசித்தேன்.

மூன்றாம் வாரம் மேசை காலி. அவளுடைய அம்மாவுக்கு அந்த மாதம் எல்லாம் மழையால் அரைப்பேர்தான். பிள்ளை கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். யார் அவளைக் குறை சொல்ல முடியும்?

அமெரிக்காவில் கேத்ரின் டேவிஸ் என்ற அம்மையார் 2007இல் தன் நூறாவது பிறந்தநாளுக்குப் பத்து இலட்சம் டொலர் கொடுத்தார். கல்லூரி மாணவர்களின் நூறு சமாதானத் திட்டங்களுக்கு, ஒன்றுக்கு 10,000 டொலர் வீதம். விடுமுறையில் எங்கே, யாரோடு, என்ன செய்யப் போகிறீர்கள் என்று மாணவர்களே எழுதிக் கொடுக்க வேண்டும். அது இன்றைக்கும் நடக்கிறது. தலாய் லாமாவின் பெயரிலும் ஒரு ஃபெலோஷிப் உண்டு, அதில் இளைஞர்கள் ஊர் வேலையோடு தங்கள் மனதைக் கவனிக்கவும் பழகுகிறார்கள், இரக்கத்தை ஒரு பாடமாகவே வைத்திருக்கிறார்கள். ஆச்சியின் காம்பராவில் அந்தப் பிள்ளை தானாகப் படித்ததும் அதைத்தான்.

நமக்கு டொலர் வேண்டாம். அந்தத் துணிக்கடை கொடுக்கிற இரண்டு மாதச் சம்பளம் போதும். மலையகத்திலிருந்து போய்க் கொழும்பில் கடை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள், தொழிற்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஆளுக்கு ஒரு மாணவரை எடுத்தால் நடக்கிற காரியம் இது. கடிதம் வாசிப்பது மட்டுமில்லை, வேலை நிறைய இருக்கிறது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை வந்தும் சனம் அங்கேயே இருந்தது, 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கியது. ஒரு மழைமானியை வைத்து, 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் தாண்டினால் வெளியேற வேண்டும் என்று லயம் லயமாகப் போய்ச் சொல்லி, எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்று எழுதி வைக்க, அந்தத் தோட்டத்திலேயே பிறந்த மாணவரை விட யார் இருக்கிறார்கள்?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். காசு நேராக மாணவரின் கணக்குக்குப் போகட்டும், மேடை வேண்டாம், மாலை வேண்டாம். நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் கொப்பி கொடுக்க வருகிறவர்களுக்காகப் பிள்ளைகளைக் காலை எட்டு மணியிலிருந்து வெயிலில் நிறுத்தினோம், அவர்கள் வந்தது பதினொரு மணிக்கு, ஆளுக்கு இரண்டு கொப்பி, படம் சரியாக விழவில்லை என்று திரும்பவும் வரிசை. நிறுத்தியவர்களில் நானும் ஒருத்தி, அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. முடிவில் மாணவர் ஒரு அறிக்கை எழுதட்டும், எங்கே பிழை விட்டேன் என்பதையும் சேர்த்து. மாதம் இரண்டு தடவை போய்ப் பார்த்துப் பேச ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம்.

வருகிற விடுமுறைக்கு ஒரு மாணவருக்கான காசை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். சேர விரும்பும் வாசகர்கள் உங்கள் பத்திரிகைக்கு எழுதினால், அந்தக் கடிதங்களை எனக்கு அனுப்பிவைப்பீர்களா?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
டிக்கோயா