தங்கச்சியின் கழுத்து

பண்டாரவளை,
ஞாயிறு.

அன்பின் ராஜி,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. தங்கச்சியின் ஒப்பரேசனுக்காகக் கண்டிக்கும் இங்கேயுமாக அலைந்ததில் பதில் எழுதவில்லை. பயப்படாதே, கேன்சர் இல்லை. பாராதைரொயிட்.

எலும்பு, கல், வயிற்றுவலி, மனச்சோர்வு என்று நேர்ஸிங் படிக்கும்போது டியூட்டர் சிஸ்டர் இதன் அறிகுறிகளை விரல் மடக்கிச் சொல்லித் தந்தாரே, அதேதான். கழுத்தில் அரிசிமணி அளவில் நாலு சுரப்பி. அதில் ஒன்று பெருத்து, எலும்பிலிருக்கிற கல்சியத்தை உருவி இரத்தத்தில் விடுகிறது. இதே நோய் வந்த கப்பல் கேப்டன் மார்டெல் கதை ஞாபகமிருக்கிறதா? ஆறு தடவை வெட்டியும் பெருத்த சுரப்பி கிடைக்காமல், 1932இல் ஏழாவது தடவை நெஞ்சுக்குள் கண்டுபிடித்தார்களே.

எனக்கு ஞாபகம் வருவது நம் வார்டில் கிடந்த கொழுந்து பறிக்கிற அக்கா. நிறுவைக்குக் கூடையை இறக்கும்போது தொடையெலும்பு முறிந்து வந்தாள். "நாலு வருசமா இடுப்பு கடுக்குது மிஸி, எல்லாரும் கூடைப் பாரம்னாங்க" என்றாள். தலையில் கயிறு மாட்டிக் கூடை தூக்குகிறவளுக்கு எலும்பு வலித்தால் வேறென்ன நினைப்பார்கள்? கடைசியில்தான் கழுத்தைப் பார்த்தார்கள்.

தங்கச்சிக்கோ ஒன்றுமே இல்லை. களைப்பென்று இரத்தம் சோதித்தாள், கல்சியம் 11.4, மேல் எல்லை 10.5. "கடதாசியில ஒரு நம்பர் கூடினதுக்குக் கழுத்த வெட்டுறதா?" என்று என்னோடு ஒரே சண்டை. வயது 47. ஐம்பதுக்குள் என்றால் நோவு இல்லாவிட்டாலும் எடுப்பதே நல்லது என்றார் டொக்டர். அதற்கும் மசியவில்லை. எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் வாயை மூடினாள்.

முன்பு நாலையும் தேடிப் பார்ப்பார்கள். இப்போது ஸ்கேனில் இடப்பக்கம் கீழே என்று தெரிந்துவிட்டதால் சின்ன வெட்டுத்தான். எடுத்ததைக் காட்டினார்கள்: ஊறின கடலை மாதிரி, மண்ணிறம். இவ்வளவுதானா என்றிருந்தது. இரண்டாம் நாள் இரவு, "அக்கா, உதட்டோரம் எறும்பு ஊருது" என்று எழுப்பினாள். பழைய மிஸியல்லவா, புரிந்துவிட்டது: கல்சியம் இறங்குகிறது. டொக்டரிடம் கேட்டு மாத்திரையைக் கூட்டினோம். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டு.

இவ்வளவையும் எழுதக் காரணம் உன் கடிதத்தின் கடைசி வரி. இரண்டாவது தடவையும் கிட்னியில் கல், தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். கல்சியம் பார்த்தார்களா? பழைய ரிப்போர்ட் இருந்தால் நம்பரைப் பார்த்து எழுது. இல்லையென்றால் இந்தக் கிழமையே இரத்தம் கொடு.

உன்,
புஷ்பா