நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

செயின்ட் லூயிஸ், அமெரிக்கா
தை 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தீபாவளிக்கும் எழுதவில்லை, பொங்கலுக்கும் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாளாகப் பனி, வெளியே போக வழியில்லை. சரி, இன்றாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எதிர்வீட்டுத் தாத்தா, நாய்க்குக் கம்பளிச் சட்டை போடுகிறவர், அவர் ஊர் வேறு, என் ஊர் வேறு! எங்கள் தெருவின் நடுக்கோடுதான் எல்லை. அவருக்குக் குப்பை வண்டி செவ்வாய், எனக்கு வெள்ளி. நேற்று அவர் ஊர் வண்டி வந்து அவர் பக்கத்துப் பனியை மட்டும் தள்ளிவிட்டுப் போய்விட்டது. என் பக்கம் முக்கால் அடி அப்படியே கிடந்தது. தாத்தாதான் மண்வாரியோடு வந்து என் காரை வெளியே எடுத்தார். சாம்பார் கொடுத்தேன். சூப் என்று நினைத்துக் கிண்ணத்தோடு குடித்துவிட்டார்.

கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. இந்தக் கவுண்டிக்குள் மட்டும் கிட்டத்தட்ட 90 ஊர்கள். சிலவற்றில் சில நூறு பேர்தான். ஆனாலும் தனி மேயர், பல இடங்களில் தனிப் போலீஸ், தனிக் கோர்ட். வரி போதாத ஊர் அபராதத்தில் பிழைக்கும். 2014இல் இங்கே பெர்குசன் என்ற ஊரில் மைக்கேல் பிரவுன் என்ற பையனைப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகுதான் இது வெளியில் நாறியது. மறு வருஷமே அபராத வருமானத்துக்கு இருந்த வரம்பைச் சட்டம் போட்டு இன்னும் குறைத்தார்கள். வேலைக்குப் போகும் வழியில் நான் நாலு ஊர் தாண்டுகிறேன். பின்விளக்கு எரியவில்லை என்று ஓர் ஊரில் சீட்டு கொடுத்தார்கள். எந்த ஊர்க் கோர்ட் என்று குழம்பித் தேதியைத் தவறவிட்டேன், அதற்கும் சேர்த்துக் கட்டினேன். பெரிய தொகை இல்லை. இந்த மாதப் பணம் மட்டும் பத்து நாள் தள்ளி வரும்.

ராத்திரி ஹீட்டர் ஓடுகிற சத்தம் நம் மோட்டார் மாதிரியே இருக்கிறது. முந்தாநாள் பாதித் தூக்கத்தில், மடை மாற்ற வேண்டுமே என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம், பாகப்பிரிவினை. கிணறு நம் பக்கம் விழுகிறது, சித்தப்பாவுக்கு மேட்டுக்காடுதான் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். செயின்ட் லூயிஸ் நகரமும் 1876இல் அப்படித்தான், வெறும் காட்டுக்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும் என்று கவுண்டியை விட்டுத் தனியாகப் பிரிந்தது. இன்று நகரத்தில் 3 லட்சம் பேர்கூட இல்லை, கவுண்டியில் கிட்டத்தட்ட 10 லட்சம். சேரலாம் என்று 2019இல்கூடப் பேசிப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

மேட்டுக் குட்டையைச் சித்தப்பா நாளைக்குத் தூர்த்துவிட்டால் நம் கிணறு ஊறுமா? கிணறு, குட்டை, வாய்க்கால் மூன்றையும் பொதுவில் வைத்து எழுதச் சொல்லுங்கள். அதுவரை பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். சித்திரையில் வரப் பார்க்கிறேன், லீவு கிடைக்க வேண்டும்.

சித்தி கொடுத்த பருப்புப்பொடி தீரப்போகிறது. பேச்சுவார்த்தை இல்லையென்றாலும் அம்மாவை விட்டுக் கேட்டு வாங்கி அனுப்புங்கள்.

அன்புடன்,
செல்வம்